பிரேக் பிடிக்கவில்லை

ஜூன் 9, ஞாயிறு

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இன்று பிரேக் பிடிக்கவில்லை. பிடிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். பிடித்தது. நான் பிடிக்கச் சொன்ன இடத்தில் பிடிக்கவில்லை. பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு, எதிரே பஸ் ஏறி வருகிறது. இரண்டு லீவரையும் முழுக்க அமுக்கியும் சைக்கிள் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நடு ரோட்டுக்குப் போய்விட்டது. பஸ்காரர் நிறுத்தி வழிவிட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். திட்டியிருந்தால் தேவலை.

அஃப்ரின் பின்னால் வந்துகொண்டிருந்தாள். என் பல் கிளினிக்கில் இரண்டு வருடமாக ஜூனியர் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு சைக்கிளும் ஓட்டுவாள். அடிவாரத்தில் டீ குடிக்கும்போது, "மேடம், அந்த வளைவுல ரொம்ப வெளிய போயிட்டீங்க," என்றாள்.

"கட்டை தேஞ்சிருக்கும். பார்க்கணும்."

"போன வாரமும் இப்படித்தான் ஆச்சு."

"போன வாரம் மழை."

அவள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் மழை இல்லை.

என் சைக்கிளுக்கு வயது இருபதுக்கு மேல். பெங்களூரில் ஒருவர் வெளிநாட்டுக்குப் போகும்போது விற்றது. இரும்புச் சட்டம், வளைந்த ஹேண்டில், விரல் அகல டயர். பிரேக்கும் பழைய ரகம்தான்: ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை கவ்விப் பிடிக்கும். அஃப்ரினுடையது புது சைக்கிள், டிஸ்க் பிரேக். ஒரு விரல் போதும் அவளுக்கு.

கட்டையை மாற்ற வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

மதியம் ஐந்து ரோட்டில் கென்னடியின் சைக்கிள் கடைக்குப் போய்க் கட்டை மாற்றினேன். பழைய கட்டைகள் அவ்வளவாகத் தேயவில்லை. ஆனால் ரப்பர் காய்ந்து இறுகிவிட்டதாம். கென்னடி நகத்தால் குத்திக் காட்டினார். "கல்லு மாதிரி ஆயிடுச்சுங்க டாக்டர். இது எங்க புடிக்கும்?" நிம்மதியாக இருந்தது.

கிளினிக்கில் புதிதாக வாங்கிய கிளவுஸ் சரியில்லை. வழுக்குகிறது. பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி இரண்டு முறை கீழே விழுந்தது. பழைய கம்பெனியிலேயே வாங்கும்படி உதவியாளர் செல்வராணியிடம் சொன்னேன். "நாம பழைய கம்பெனிதான் வாங்கியிருக்கோம் மேடம்," என்றாள். அப்படியானால் கம்பெனி தரத்தைக் குறைத்துவிட்டான்.

ஜூன் 16, ஞாயிறு

புதுக் கட்டை போட்டும் பிரயோஜனம் இல்லை.

புறப்படும் முன் கிளினிக் ஸ்பிரிட்டால் இரண்டு ரிம்மையும் துடைத்தேன், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் போகட்டும் என்று. ஏறும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. அஃப்ரினை விட முன்னால்தான் மேலே போனேன். இறங்கும்போது பாதி தூரத்திலேயே விரல்கள் மரத்துவிட்டன. இரண்டு இடத்தில் நிறுத்திக் கையை உதறிக்கொண்டேன். மலையில் காலையில் குளிர். அஃப்ரின் கிளவுஸ் போடாமல் ஓட்டினாள், அவள் வயது அப்படி.

யோசித்துப் பார்த்தால் ஒயர்தான் காரணம். உள்ளே துருப் பிடித்திருந்தால் லீவரை அமுக்க இரண்டு மடங்கு பலம் வேண்டும். விரல் களைக்காமல் என்ன செய்யும்?

ஜூன் 19, புதன்

ஒயரும் அதன் உறையும் மாற்றியாகிவிட்டது. பழைய ஒயரை உருவியபோது பளபளவென்று வந்தது. கென்னடி அதைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, "இந்தப் பழைய பிரேக்கே இப்படித்தாங்க. இப்ப வர்றது ரெண்டு அச்சு வெச்சது, சும்மா தொட்டாப் போதும், நிக்கும். உங்களுக்கு அதைத்தான் போடணும்," என்றார். படங்கள் காட்டினார். யோசிக்கிறேன் என்றேன்.

ராத்திரி சாப்பிடும்போது என் கணவர் குமரகுருவிடம் சொன்னேன். அவர் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியார். எதையும் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார்.

"கட்டை மாத்தின, ஒயர் மாத்தின. இப்ப பிரேக்கா?"

"அது பழசுங்க."

"போன வருஷமும் அது பழசுதானே. போன வருஷம் நின்னுச்சே?"

பழசு என்பது திடீரென்று ஒரு நாள் தெரிவதுதான்.

அவர் ஃபிரிட்ஜ் மேல் நான் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே, "திலகா, இது என்ன, பாலா பாயா?" என்று கேட்டார். பால்தான். டாக்டர் கையெழுத்து யாருக்குப் புரிந்திருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

இன்று மலைக்குப் போகவில்லை. கோரிமேடு தாண்டிச் சமதளத்தில்தான் ஓட்டினோம். அஃப்ரின் கேட்டாள், "மேடம், உங்க சைக்கிளை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா?" கொடுத்தேன்.

வேகமாகப் போய்த் திரும்பி வந்து என் முன்னால் பிரேக் பிடித்தாள். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டது. ஹேண்டிலுக்கு மேலாகப் போய் விழப் பார்த்தாள். சமாளித்து இறங்கியபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"இது நல்லா ஷார்ப்பா இருக்கே மேடம்."

"சமதளத்துல எதுவும் நிக்கும். மலையில பாரு."

"நான் ரெண்டு விரல்லதான் புடிச்சேன்."

"சரி."

"மேடம், உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"எதுக்கு?"

"சும்மா."

கிளவுஸை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். ஜூனியர் சீனியரைப் பரிசோதிப்பதெல்லாம் எப்போதிருந்து.

ஜூன் 27, வியாழன்

ஒன்று கவனித்தேன். இந்த வாரம் பல் எடுக்க வந்த ஐந்து பேரும் அஃப்ரினிடம் போயிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் எத்தனையோ வருடமாக என்னிடம் வருகிறவர்கள். எனக்கு வந்ததெல்லாம் சுத்தம் செய்வதும், பல் செட்டுக்கு அளவெடுப்பதும்.

செல்வராணியைக் கேட்டேன். அவள் டோக்கன் அட்டையை அடுக்கிக்கொண்டே, "அவங்களே அஃப்ரின் டாக்டர்கிட்ட போறோம்னாங்க மேடம்," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தக் கிளினிக்கில் முதல் நாற்காலி வாங்கியபோது அஃப்ரின் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பாள். வெளியே பலகையில் இருப்பது என் பெயர். டாக்டர் திலகவதி. அவளுக்கு அவசரமாக இருந்தால் தனியாக ஒரு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூலை 1, திங்கள்

குனிந்து செருப்பு மாட்டும்போது கழுத்திலிருந்து முதுகுத்தண்டு வரை ஷாக் அடித்த மாதிரி ஒரு இழுப்பு. புதுத் தலையணை உயரம் அதிகம்.

ஜூலை 3, புதன்

பிரேக்கைப் பற்றி முடிவெடுத்தாக வேண்டும். மூன்று வழி இருக்கிறது.

இதே பிரேக்கில் ஓட்டலாம். முடியாது, பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், சரி. பயமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நெருங்கினால் வியாழக்கிழமையிலிருந்தே மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறேன்.

இரண்டாவது, சைக்கிளையே விற்றுவிட்டு டிஸ்க் வைத்த ஒன்று வாங்கலாம். குமரகுரு அதைத்தான் சொல்கிறார். ஆனால் இந்தச் சட்டம் என் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டு, தெருவில் எத்தனை பேர் சிரித்தும் விடாமல், முதன்முதலாக மலை ஏறியது இதில்தான். சட்டத்தில் டிஸ்க் பொருத்த இடமும் கிடையாது. டிஸ்க் வேண்டுமென்றால் சைக்கிளை விட வேண்டும்.

மூன்றாவது, கென்னடி சொன்ன புது பிரேக். லீவரையும் சேர்த்து மாற்றினால் சின்னக் கைக்கும் எட்டும் என்கிறார்.

மூன்றாவதுதான். போன் பண்ணி வரவழைக்கச் சொல்லிவிட்டேன். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது.

ஜூலை 7, ஞாயிறு

மழை. போகவில்லை. அஃப்ரின் போன் பண்ணினாள், நான் எடுக்கவில்லை.

சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பு. சேலை வேண்டாம் என்று குர்தா போட்டுக்கொண்டேன். இப்போதெல்லாம் குர்தாதான் வசதி, ஜாக்கெட் ஹூக்கோடு மல்லுக்கட்டும் நேரம் மிச்சம். படியில் ஏறும்போது ஒரு கால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. நான்கு படி ஏறிய பிறகு குமரகுருதான் பார்த்து எடுத்து வந்தார். என் காலடியில் வைத்துவிட்டு நிமிராமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"உனக்குத் தெரியலையா திலகா?"

"பேச்சு சுவாரஸ்யத்துல கவனிக்கலைங்க."

நாங்கள் பேசிக்கொண்டு ஏறவில்லை.

ஜூலை 12, வெள்ளி

புது பிரேக் பொருத்தியாகிவிட்டது. வெள்ளி நிறத்தில் பார்க்கவே அழகாக இருக்கிறது. கென்னடி சக்கரத்தைச் சுற்றிவிட்டு லீவரைத் தொட்டார், சக்கரம் அங்கேயே நின்றது. மூன்று முறை செய்து காட்டினார். "போதுங்களா டாக்டர்? இனிமே கண்ணை மூடிட்டு இறங்கலாம்."

நானும் தொட்டேன். எனக்கும் நின்றது.

ஜூலை 14, ஞாயிறு

கட்டிலில் சாய்ந்து எழுதுகிறேன். முட்டியில் நான்கு தையல், இடுப்பில் சிராய்ப்பு. எலும்புக்கு ஒன்றும் இல்லை.

மேலேயிருந்து முதல் சில வளைவுகள் அருமையாக வந்தன. அஃப்ரின் எனக்கு முன்னால் போகட்டும் என்று விட்டிருந்தேன். வெயில் நன்றாக இருந்தது, ரோடு காய்ந்திருந்தது. பிறகு நீளமான ஒரு சரிவு. அதன் முடிவில் வளைவு. சரிவின் நடுவிலேயே அமுக்க ஆரம்பித்தேன். வேகம் குறையவில்லை. இன்னும் அமுக்கினேன். அமுக்குகிறேன் என்றுதான் நினைத்தேன். கீழே பார்த்தால் என் விரல்கள் லீவர் மேல் கிடக்கின்றன. வெறுமனே கிடக்கின்றன, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி.

வளைவில் ஒரு கார் திரும்பிக்கொண்டிருந்தது. இடது பக்கம் மலைச்சுவர், அதன் கீழே தண்ணீர் போகும் கால்வாய். கால்வாயைத் தேர்ந்தெடுத்தேன். அது ஒன்றுதான் என்னால் தேர்ந்தெடுக்க முடிந்தது.

அஃப்ரின் சைக்கிளைப் போட்டுவிட்டு மேட்டில் ஓடி வந்தாள். முதலில் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு கைகால். என்னை உட்கார வைத்தபின், கவிழ்ந்து கிடந்த என் சைக்கிளை நிமிர்த்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு வலது லீவரை ஒரு விரலால் இழுத்தாள். முன் சக்கரம் சட்டென்று நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மலைச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய்கறி ஏற்றிப்போன ஒரு வண்டியில் கீழே வந்தோம்.

புது பிரேக் கைக்குப் பழக நாளாகும்.

ஜூலை 16, செவ்வாய்

கட்டோடு கிளினிக் போனேன். வீட்டில் இருந்தால் குமரகுரு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மதியம் ஒரு பஸ் கண்டக்டர், மேல் கடைவாய்ப் பல். சுலபமான கேஸ். பல்லை நெம்பும்போது கருவி நழுவிக் கன்னத்தின் உள்பக்கம் கிழித்துவிட்டது. அவர் தலையை அசைத்துவிட்டார். ரத்தம் நிறைய வந்தது. அஃப்ரின் அடுத்த அறையிலிருந்து வந்து, என்னிடம் எதுவும் கேட்காமல் தையல் போட்டாள். போகும்போது அந்த மனிதர் வாயில் பஞ்சோடு என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் தலையை அசைத்தாரா என்று செல்வராணியிடம் கேட்டேன். அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

கிளினிக் மூடும் நேரத்தில் அஃப்ரின் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க. பிரேக் இல்ல மேடம். உங்க கை. மூணு மாசமாப் பார்த்துட்டிருக்கேன். மருந்து பாட்டில் மூடியைச் செல்வராணி தொறந்து தர்றாங்க. ஊசி மருந்தைக் கட்டைவிரலால இல்லாம உள்ளங்கையால அழுத்துறீங்க. கஷ்டமான கேஸையெல்லாம் நாங்க ரெண்டு பேரும்தான் என் பக்கம் திருப்பி விட்டோம். பேஷண்ட் யாரும் கேக்கல."

"நாங்க ரெண்டு பேரும்னா?"

"செல்வராணியைக் கோவிச்சுக்காதீங்க. நான்தான் சொன்னேன்."

"என் கிளினிக்ல, எனக்குத் தெரியாம."

"உங்ககிட்ட சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா?"

என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுத மனமில்லை. என் நாற்காலிக்கு ஆசைப்படுகிறாய் என்றேன். இன்னும் கேவலமாகவும் ஒன்று சொன்னேன், அவள் வீட்டை இழுத்து. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன்.

அவள் அழவில்லை. கோட்டைக் கழற்றி மடித்து என் மேஜை மேல் வைத்தாள். "கண்டக்டருக்குக் கன்னம்தான் கிழிஞ்சது மேடம். அடுத்தவங்களுக்கு என்ன ஆகும்னு உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 20, சனி

தனியாக நடத்தினேன். வந்தவர்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துத் திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

காலேஜில் படித்த ஒரு பரிசோதனை நினைவுக்கு வந்தது. கையை வேகமாக மூடி மூடித் திறக்க வேண்டும். பத்து வினாடியில் எத்தனை முறை என்று எண்ண வேண்டும், இருபதாவது வர வேண்டும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்து பார்த்தேன். எண்ணினேன். எத்தனை என்று எழுதப் போவதில்லை.

ஜூலை 21, ஞாயிறு

எங்கும் போகவில்லை.

ஜூலை 22, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஓமலூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அமலோற்பவம் என்று பெயர், ஐம்பது வயதுக்கு மேல். கீழ்த்தாடையில் கடைசிக்கு முந்தின பல், வேர் வரை சொத்தை, கன்னம் வீங்கியிருந்தது. இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்றார். சனிக்கிழமையே வந்தவர்தான், மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தேன். இனியும் அனுப்ப முடியாது.

செல்வராணி மருந்தை ஏற்றித் தந்தாள். உள்ளங்கையால்தான் அழுத்தினேன், அஃப்ரின் சொன்னது சரி. உதடு மரத்துவிட்டது என்று டீச்சர் கையால் காட்டினார். பல் எடுக்கும் குறடை எடுத்தேன். பல்லின் கழுத்தில் சரியாகத்தான் உட்கார்ந்தது. இறுக்கினேன். கை மூடவில்லை. குறடு மெதுவாக விரிந்து பல்லை விட்டு வழுக்கியது.

இரண்டு கையாலும் பிடித்தேன். அப்போது பிடி கிடைத்தது. தோளோடு சாய்ந்து உடம்பு பாரத்தைக் கொடுத்தால் பல் வந்துவிடும். வரும்போது குறடு எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது. நிறுத்த வேண்டிய இடத்தில் என்னால் நிறுத்த முடியாது. நாக்கு இருக்கிறது, தாடை இருக்கிறது, அடியிலேயே நரம்பு ஓடுகிறது.

டீச்சர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வலி இல்லாத நிம்மதியில் இருந்தார். என்னை நம்பி வாயைத் திறந்து வைத்திருந்தார்.

குறடைத் தட்டில் வைத்தேன். செல்வராணி, "மேடம்," என்றாள்.

"அம்மா, இந்தப் பல்லை நான் எடுக்கப் போறதில்ல. என் கை சரியில்ல. இன்னொரு டாக்டர் வந்து எடுப்பாங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அவர் வாயை மூடாமலே தலையாட்டினார்.

வெளியே போய் போன் பண்ணினேன். முதல் தடவை அவள் எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான் என்று தோன்றியது. இரண்டாவது தடவை எடுத்தாள்.

"அஃப்ரின், கீழ்க் கடைவாய்ப் பல். ஊசி போட்டாச்சு. என்னால எடுக்க முடியல. நீ வர முடியுமா?"

மறுமுனையில் பிரஷர் குக்கர் சத்தம் கேட்டது. யாரோ அவளை ஏதோ கேட்டார்கள்.

"ஊசி எப்ப போட்டீங்க?"

"இப்பதான்."

"வர்றேன்."

வீட்டு உடையிலேயே ஸ்கூட்டரில் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. டீச்சர் தோளைத் தொட்டு, "வலி இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு மடித்து வைத்த கோட்டைப் பிரித்து மாட்டிக்கொண்டாள். நான் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல் அசைந்தபோது அவர் என் விரல்களை நெரித்தார். வலித்தது. வலியாவது தெரிகிறதே என்றிருந்தது.

இரண்டு வேரும் முழுசாக வந்தன.

அஃப்ரின் கை கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன். "அன்னைக்கு நான் பேசினது," என்று ஆரம்பித்தேன்.

"அதைப் பத்தி இப்ப வேணாம் மேடம். நான் திரும்ப வேலைக்கு வந்துட்டேன்னு நெனைக்காதீங்க. அந்தம்மாவுக்காக வந்தேன்." கையைத் துடைத்தாள். "டாக்டர்கிட்ட எப்பப் போறீங்க?"

"நாளைக்கு."

"இன்னைக்குப் போங்க."

குமரகுருவுக்கு அவளே போன் பண்ணினாள். அவர் அரை மணி நேரத்தில் காரோடு வந்தார். காரணம் கேட்கவில்லை. கார் கதவைத் திறந்துவிட்டு நின்றார், அவ்வளவுதான். பாதி வழியில், "உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியாமலே இத்தனை நாள் இருந்துட்டேன் திலகா," என்றார்.

ஜூலை 25, வியாழன்

ஸ்கேன் வந்துவிட்டது. கழுத்தில் இரண்டு இடத்தில் டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது. கை, கால், செருப்பு, ஷாக், எல்லாம் அதனால்தான். வருடக்கணக்காக வாய்க்குள் குனிந்து பார்த்த கழுத்து என்றார் டாக்டர். குனிந்து ஓட்டும் சைக்கிளும் உதவி செய்திருக்காது. உடனே ஆபரேஷன் வேண்டும், தள்ளிப்போட்டால் நடையும் போகும்.

வெளியே வந்ததும் குமரகுரு, "கடைசியில டிஸ்க்தான் மாத்தணும்கறாங்க," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. நான் சிரிக்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆட்கள் பார்க்க, நிறுத்த முடியாமல் சிரித்தேன். அவர் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு அது சிரிப்பாக இல்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

நாளை காலை ஆபரேஷன். கையெழுத்து வாங்க வந்த டாக்டரிடம், விரல்களுக்குப் பழைய பலம் வருமா என்று கேட்டேன்.

"இதுக்கு மேல போகாம நிறுத்தத்தான் இந்த ஆபரேஷன். போனது எவ்வளவு திரும்பி வரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. நீங்களும் டாக்டர்தானே."

நானும் டாக்டர்தான். கையெழுத்துப் போட்டேன். பால், பாய் என்று இரண்டு விதமாகவும் படிக்கலாம் அதை.

கிளினிக்கை மூடி வைத்திருக்கிறேன். செல்வராணி மூன்று நாளாகத் தினமும் போன் பண்ணி, வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்கிறாள். இன்று நான் அஃப்ரினுக்குப் பேசினேன். அவள் குடும்பத்தைப் பற்றி நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள், "நாளையிலிருந்து நான் தொறந்து பார்த்துக்கறேன் மேடம். நீங்க வர்ற வரைக்கும்," என்றாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆபரேஷனுக்குப் பின் போட்ட கழுத்துப் பட்டையைக் கழற்றியாகிவிட்டது. தலை எடை இல்லாத மாதிரி இருக்கிறது. நடை பரவாயில்லை. இடது கை முக்கால்வாசி வந்துவிட்டது. வலது கை வரவில்லை. பேனா பிடிக்கிறேன், இதோ எழுதுகிறேன், ஆனால் பத்து வரி எழுதினால் நிறுத்த வேண்டியிருக்கிறது.

கென்னடி போன் பண்ணினார். சைக்கிள் அவர் கடையில்தான் தொங்குகிறது. நேர் ஹேண்டில் போட்டு நிமிர்ந்து ஓட்டுகிற மாதிரி மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். சைக்கிள், பல் எடுப்பது, எதைப் பற்றியும் ஆறு மாதத்துக்குக் கேட்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"இப்போதைக்கு எதையும் மாத்த வேண்டாம் கென்னடி."

"புது பிரேக்காவது நல்லா இருந்துச்சுங்களா?"

"பழசும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

இன்று கிளினிக்குப் போனேன். குமரகுரு இறக்கிவிட்டுவிட்டுப் போனார்.

என் அறையைத் துடைத்து வைத்திருந்தார்கள். அஃப்ரின் இன்னும் சின்ன அறையில்தான் உட்காருகிறாள். என் நாற்காலியில் யாரும் உட்கார்ந்த அடையாளம் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது.

அவளைக் கூப்பிட்டு, இனி பங்குதாரராக இரு, பலகையில் உன் பெயரும் வரட்டும் என்றேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை.

"ஒண்ணு கேப்பேன் மேடம்."

"கேளு."

"பல் எடுக்கறது, தையல், எதையும் நீங்க தொடக் கூடாது."

"டாக்டர் அப்படிச் சொல்லலையே. ஆறு மாசம் போகட்டும்னுதான் சொன்னார்."

"டாக்டர் சொல்றதுக்காக இல்ல. நான் லீவு போட்ட அன்னைக்கு யாராவது வலியோட வந்து உக்காருவாங்க. நீங்க எடுத்துடுவீங்க. எனக்குத் தெரியும்."

கோபம் வந்தது. பழைய கோபம், அதே இடத்திலிருந்து. பதில்களும் வரிசையாக நின்றன: வலது கை தேறி வருகிறது, இடது கையால் பழகலாம், சின்னப் பல் என்றால் என்ன.

"சரி, எடுக்க மாட்டேன்," என்றேன்.

"என்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது." கதவைத் திறந்து செல்வராணியைக் கூப்பிட்டாள். செல்வராணி வந்து கதவோரம் நின்றாள், என்ன தப்புச் செய்தோம் என்ற முகத்தோடு.

ஒரே ஒரு வாக்கியம்தான். வாய்க்குள்ளேயே கிடந்தது. வெளியே யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. அஃப்ரின் காத்திருந்தாள். உதவிக்கு ஒரு வார்த்தைகூடத் தரவில்லை.

"நான் இனிமே பல் எடுக்க மாட்டேன் செல்வராணி. நான் கேட்டாலும் நீ கருவியை எடுத்துத் தரக் கூடாது."

"யாருக்கும் மேடம்?"

"யாருக்கும்."

செல்வராணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அஃப்ரின் தலையை ஆட்டினாள். இத்தனை நாளில் இன்றுதான் என்னை நேராகப் பார்த்தாள்.

"வெளிய ஆறு பேர் இருக்காங்க மேடம். நீங்க பார்த்து என்ன செய்யணும்னு எழுதுங்க. நான் செய்யறேன்."

முதலில் வந்தவர் ஒரு விசைத்தறிக்காரர், தாடையைத் தாங்கிப் பிடித்தபடி. விளக்கை இழுத்து அவர் முகத்துக்கு நேராக வைத்தேன்.

"உக்காருங்க. எந்தப் பக்கம் வலிக்குது?" என்றேன்.